பட்டாசு ஆலை விபத்து: எழுதி வாங்கிய கையெழுத்து செல்லுமா?

செல்லாது. 2025 ஜூன் வெடிவிபத்தில் கை கருகிய உங்கள் தம்பியிடம் ஆலைத் தரப்பினர் ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து, ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கியது, விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, இழப்பீடு கேட்கும் அவர் உரிமையைப் பறிக்காது.

“அவர் காண்ட்ராக்டர் ஆள்” என்கிறார்களாமே, அதுவும் நிற்காது. ஆலையின் வழக்கமான வேலையைத்தான் செய்தார் என்றால், அதே சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி ஆலை உரிமையாளரிடமே கேட்கலாம்.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடித்திருந்தால் வழி வேறு: இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில்தான் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லையா? முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவமனைச் சீட்டுகள், ஊனச் சான்றிதழோடு தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுங்கள். கெடு இரண்டு ஆண்டு. சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தராத இழப்பீட்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. நியாயமில்லாத தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

ஒன்று கவனம்: பகுதி ஊனம் என்றால், ‘பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார்’ என்று வாதாட ஆலைத் தரப்புக்கு இடமிருக்கிறது. அதை மறுக்கச் சாட்சி வேண்டும்; கூட வேலை பார்த்தவர்கள் வேறு ஆலைக்குப் போவதற்குள் அவர்கள் பெயர், முகவரியை வாங்கி வையுங்கள். புதிதாக எந்தத் தாளிலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம்.