மூலக்கூறு அளவுக்கு மெலிந்த எண்ணெய்: திரவமா, திடமா?

கேள்வி: மசகு எண்ணெய் இட்ட இரு பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தினால், நடுவிலுள்ள எண்ணெய் முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடுமா? சில மூலக்கூறுகளின் கனமே எஞ்சினாலும் அது வழக்கம்போல வழுக்குமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பகுதி எளிதில் வெளியேறிவிடும், கடைசிச் சில அடுக்குகள்தான் இடம்பெயர மறுக்கும். அந்த அடுக்குகளின் நடத்தையை, பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் பாகுநிலை (திரவம் ஓடத் தயங்கும் அளவு) எண்ணைக் கொண்டு கணிக்கவே முடியாது.

இதை நேரடியாக அளக்கும் கருவியை டேபர், விண்டர்டன், இஸ்ரேலாச்விலி ஆகியோர் 1969 முதல் படிப்படியாக உருவாக்கினர். மைக்கா (அப்பிரகம்) என்ற கனிமத்தைப் பிளந்தால் அணு அளவில் மேடுபள்ளம் இல்லாத பரப்பு கிடைக்கும். அத்தகைய இரு மெல்லிய தகடுகளின் பின்புறத்தில் வெள்ளி பூசி, உருளை வடிவக் கண்ணாடிகளின் மேல் ஒட்டி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, இடையே திரவத்தை நிரப்புகின்றனர். வெள்ளொளியைச் செலுத்தும்போது ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகள் எவ்வளவு நகர்கின்றன என்பதிலிருந்து இடைவெளியை 0.1 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை துல்லியமாகக் கணக்கிடலாம். ஒரு தகட்டைத் தாங்கும் ஸ்பிரிங் எவ்வளவு வளைகிறது என்பது விசையைச் சொல்லிவிடும்.

1981-இல் ஹார்னும் இஸ்ரேலாச்விலியும் ஆக்டமெத்தில்சைக்ளோடெட்ராசிலாக்சேன் என்ற திரவத்தை இவ்வாறு ஆராய்ந்தனர். பெயர்தான் நாவைச் சுளுக்க வைக்கும். மூலக்கூறோ ஏறத்தாழ உருண்டையானது, விட்டம் 0.9 நானோமீட்டர் அளவு. தகடுகள் நெருங்க நெருங்க, விசை ஈர்ப்பாகவும் விலக்கமாகவும் மாறி மாறி வந்தது. ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் விட்டத்துக்கு ஒருமுறை நிகழ்ந்தது. பெட்டியில் கொட்டிய கோலிக்குண்டுகள் சுவரோரம் வரிசை கட்டுவதுபோல், மூலக்கூறுகள் மைக்காவையொட்டி அடுக்கடுக்காக அமைந்திருந்தன என்பதே இதன் பொருள். முழு எண்ணிக்கையிலான அடுக்குகள் பொருந்தும் இடைவெளியில் படலம் உறுதியாக நிற்கும். பொருந்தாத இடைவெளியில் நிலைகுலையும்.

உராய்வைப் பொறுத்தவரை இன்னும் வியப்பான முடிவு 1995-இல் வந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிளைனும் குமாசெவாவும் அதே திரவத்தை நசுக்கியபோது, ஏழு அடுக்குகள் இருந்தவரை அது திரவமாகவே வழுக்கியது; ஆறாகக் குறைந்ததும் திடப்பொருள்போல் பக்கவாட்டு விசையைத் தாங்கி நின்றது. அந்த ஓர் அடுக்கு வேறுபாட்டில் அதன் விறைப்பு குறைந்தது ஒரு கோடி மடங்கு உயர்ந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். வெப்பநிலையைக் குறைக்காமல், இடத்தைக் குறைத்தே உறைய வைத்தார்கள் எனலாம். ஆனால் இது உறைதல்தானா, அல்லது கண்ணாடியைப்போல் படிப்படியாக இறுகுவதா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபட்டனர். மைக்காவை வெட்டப் பயன்படும் சூடான பிளாட்டினக் கம்பியின் நுண்துகள்கள் பரப்பில் படிந்து அளவீட்டைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. என் கருத்தில், ஒருசில மூலக்கூறுகளின் கனத்தை அளக்கும் எவரும் இந்த ஐயத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது.

இறுகிய படலத்தை மெதுவாக இழுத்தால், முதலில் அது நகராது. விசை ஒரு வரம்பைத் தாண்டியதும் சட்டென வழுக்கி, மீண்டும் நின்றுவிடும். வழுக்கும் கணத்தில் படலம் உருகுகிறது, நின்றதும் மறுபடி உறைகிறது என்று தாம்சனும் ராபின்ஸும் 1990-இல் கணினிப் போலியாக்கத்தின் வழியே விளக்கினர். வேகம் போதிய அளவு உயர்ந்தால், உறைவதற்கு நேரமின்றி இயக்கம் சீராகிவிடும்.

கேள்வி: தண்ணீரும் இப்படித்தான் இறுகுமா?

பதில்: இல்லை. ரவிவ், லோரா, கிளைன் ஆகியோர் 2001-இல் அளந்தபோது, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தண்ணீர்ப் படலத்தின் பாகுநிலைகூடச் சாதாரணத் தண்ணீரின் மூன்று மடங்குக்குள்தான் இருந்தது. பெரும்பாலான திரவங்கள் அடர்த்தி கூடினால் உறைய முற்படும். தண்ணீர் உறைய வேண்டுமானால் விரிவடைய வேண்டும், நெருக்கமான இடத்தில் அதற்கு வழியில்லை. உப்புக் கரைசலில் இன்னொரு வசதியும் உண்டு: அயனிகளைச் சூழ்ந்த தண்ணீர் மூலக்கூறுகளைப் பிதுக்கி வெளியேற்றுவது கடினம், ஆனால் அவை பக்கத்து மூலக்கூறுகளோடு மிக விரைவாக இடம் மாறிக்கொள்ளும், எனவே அந்தப் படலம் சுமையையும் தாங்குகிறது, வழுக்கவும் செய்கிறது.