கிரிம்ப் போடலாமா, வேண்டாமா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். காட்டுப் பன்றித் தொல்லைக்காக லைசென்ஸோடு இரண்டு ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஒன்று, விசைக்குக் கீழே உள்ள பிடியை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றும் 30-30 ரக லீவர் ஆக்‌ஷன், அதில் தோட்டாக்களை அடைத்து வைக்கும் மேகசின் குழாய் வடிவம். இன்னொன்று, பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் 308 ரக போல்ட் ஆக்‌ஷன். இப்போது சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்து, தோட்டாவை நானே ரீலோடு செய்யத் தொடங்கியிருக்கிறேன். கூட்டின் வாயைக் குண்டோடு சேர்த்து இறுக்கி கிரிம்ப் போட்டே ஆக வேண்டும் என்கிறார் ஒருவர். போடவே கூடாது என்கிறார் இன்னொருவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், திரும்பிப் போவதற்குள் சொல்லுங்கள்.”

தம்பி, 30-30க்குப் போடுங்கள். 308க்கு வேண்டாம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் நாளைக்கு மூன்றாவதாக ஒரு துப்பாக்கி வாங்கினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

குண்டைப் பிடித்து வைத்திருப்பது கிரிம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்து வைத்திருப்பது பித்தளைக் கூட்டின் கழுத்து. கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் சைஸிங் டை என்ற அச்சில் ஏற்றி இறக்கிய பிறகு, கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட 0.002 அல்லது 0.003 அங்குலம் குறைவாக இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பித்தளை விரிந்துகொடுத்து, குண்டைக் கவ்விக்கொள்கிறது. கிரிம்ப் என்பது அதற்கு மேல் வாயில் போடும் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். கழுத்து தளர்ந்திருந்தால் தாழ்ப்பாள் காப்பாற்றாது. தளர்ந்த கழுத்தைச் சரிசெய்ய கிரிம்பை இன்னும் அழுத்தமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் பித்தளையும் குண்டும் சேர்ந்தே நசுங்கும். பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், உள்ளே இருக்கும் ஈயம் விரியாது. பிடி முன்பைவிடத் தளர்ந்துபோகும்.

இப்போது உங்கள் 30-30க்கு வருவோம். 1895-இல் வந்த தோட்டா அது. குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் மூக்கு முன்னதன் அடியில் இருக்கும் பிரைமரை, அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, தொட்டபடி படுத்திருக்கும். ஒரு பக்கம் ஸ்பிரிங் நெட்டித் தள்ளுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, வரிசை முழுவதும் குலுங்குகிறது. இந்த இடியில் குண்டு கூட்டுக்குள் இறங்கினால் மருந்துக்கு உள்ள இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். அதனால்தான் அந்த ரைஃபிளுக்குக் கிரிம்ப் கட்டாயம். கூர்மூக்குக் குண்டு அதில் வேண்டவே வேண்டாம். உதை வாங்கும்போது அந்த மூக்கே முன்னால் இருக்கும் பிரைமரை அடித்துவிடலாம். 375, 458 மாதிரி பெரிய உதை உள்ள ரைஃபிள்களுக்கும் கிரிம்ப் போடுவது இதே காரணத்துக்காகத்தான்.

308 போல்ட் ஆக்‌ஷனில் தோட்டாக்கள் பெட்டி மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன, உதையும் நடுத்தரம். நல்ல கழுத்துப் பிடியே போதும். குறி துல்லியத்துக்காகவே சுடுகிற பெஞ்ச் ரெஸ்ட்காரர்கள் கிரிம்ப் பக்கமே போவதில்லை. கூட்டுக்குக் கூடு கிரிம்ப் கொஞ்சம் மாறினாலும், குண்டு கழன்று கிளம்பும் விதம் மாறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. “அப்படியானால் ராணுவத் தோட்டாவில் ஏன் போடுகிறார்கள்?” என்று கேட்பீர்கள். அவை இயந்திரத் துப்பாக்கியின் பெல்ட்டிலும் ஓட வேண்டும், லாரியில் குலுங்கிக் கிடக்கவும் வேண்டும். உங்கள் பண்ணை வேலைக்கு அந்தத் தேவை இல்லை.

கழுத்துப் பிடி நன்றாக இருப்பது பித்தளையின் பதத்தைப் பொறுத்தது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவராக, சேர்வதற்கு முன்பே, கும்பகோணத்தில் என் தாய்மாமாவின் பாத்திரப் பட்டறையில் பார்த்தேன். தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட, ஓசை ‘தொத் தொத்’ என்பதிலிருந்து ‘டங் டங்’ என்று ஏறும். “இறுகிடுச்சுடா, இனி அடிச்சா கீறிடும்” என்று மாமா அதை உலையில் வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி எடுப்பார். ஆறியதும் மறுபடி சொன்னபடி கேட்கும். தோட்டாக் கூடும் அதே மாதிரிதான், நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் டையில் ஏற்றும்போதும் கழுத்து இறுகிக்கொண்டே போகும். ஐந்தாறு முறை சுட்ட கூட்டையும் புதுக் கூட்டையும் கலந்து ரீலோடு செய்தால், பிடி ஆளுக்கொரு விதமாக இருக்கும். கூடுகளைச் சுட்ட எண்ணிக்கைப்படி தனித்தனி டப்பாவில் வையுங்கள். காய்ச்சி இளக்குவதாக இருந்தால் கழுத்தையும் அதன் கீழே சரியும் தோளையும் மட்டும். அடிப்பாகம் இளகினால் அழுத்தத்தைத் தாங்காது, உயிருக்கே ஆபத்து.

30-30க்குக் கிரிம்ப் போடும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, குண்டின் இடுப்பைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஓடும் கேனலூர் என்ற பள்ளத்தில் மட்டுமே கூட்டின் வாய் மடிய வேண்டும். பள்ளம் இல்லாத குண்டில் மடித்தால் மேலுறை நசுங்கி, குறி கெட்டுவிடும். இரண்டு, எல்லாக் கூடும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 30-30 கூட்டின் அதிகபட்ச நீளம் 2.039 அங்குலம், வெட்டிச் சீர்செய்வது 2.029-க்கு. ஒன்று நீளமாக இருந்தால் டை அதை அளவுக்கு மேல் அழுத்தும், தோள் பிதுங்கும். பிதுங்கிய தோட்டா, குழலின் பின்முனையில் அது உட்கார வேண்டிய சேம்பரில் பாதியில் நின்றுவிடும், எதிரே பன்றி நிற்கும். குண்டை உட்காரவைப்பதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றிலும் குண்டை இறக்கிவிட்டு, அப்புறம் டையை மாற்றி அமைத்து கிரிம்ப் போடுங்கள். கிரிம்ப் போட்டால் அழுத்தம் மாறும். அதனால் ரீலோடு கையேட்டில் உள்ள ஆரம்ப அளவு மருந்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

308-இல் சந்தேகம் இருந்தால் நீளம் அளக்கும் காலிப்பரை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள். மேகசினில் அடியில் வைக்கும் தோட்டாவின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, மேலே இருப்பவற்றை எல்லாம் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் மாறவில்லை என்றால் கழுத்துப் பிடி சரி. குறைந்திருந்தால் கிரிம்ப் டையைத் தேடாமல், சைஸிங் டையைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் டெல்டாக்காரர்களுக்கு ஒன்று. இங்கே வயலுக்குள் பன்றி வருகிறது என்று துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தாலும், தோட்டா தயாரிப்பது வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் வீட்டில் ஒரு தோட்டாகூடச் செய்யாதீர்கள், கடைத் தோட்டாவையே வாங்குங்கள்.