டாரட் அட்டைகளின் பொருள் மனப்பாடம் ஆகிவிட்டது, அடுத்து என்ன படிப்பது?

குறி பார்க்க உதவும் டாரட் சீட்டுக்கட்டின் 78 அட்டையும் மனப்பாடம் என்றால், சரி, இனி பொருள் சொல்லும் புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தையே பாருங்கள். 1909இல் வெளிவந்த ரைடர் என்ற டாரட் சீட்டுக்கட்டில், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த 'உலகம்' அட்டையின் நான்கு மூலைகளிலும் மனிதன், கழுகு, காளை, சிங்கம் இருக்கும். கேரள எல்லையில், மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர்ச் சர்ச்சில் நற்செய்தி எழுதிய மத்தேயு, யோவான், லூக்கா, மாற்கு ஆகியோரின் அடையாளமாக இதே நால்வரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். அதற்கும் மூலம் பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சி என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒவ்வொரு உருவத்தின் வேரையும் தேடுங்கள், ஒரு அட்டைக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், மார்செய் என்ற பழைய டாரட் சீட்டுக்கட்டையும் பக்கத்தில் வையுங்கள். அதில் 'நீதி' அட்டையின் எண் 8, 'வலிமை' அட்டையின் எண் 11. ரைடரில் இரண்டும் இடம் மாறியிருக்கும்.