கோடையில் சாணி வண்டு எங்கே போகிறது?

கேள்வி: மழை பெய்த வாரத்தில் போட்ட சாணி மறுநாளே சல்லடைக் கண்ணாகிவிடுகிறது, கிளறினால் உள்ளே வண்டுகள் நெளிகின்றன. கோடையில் அதே மாடு, அதே சாணி, ஆனால் ஒரு வண்டைக் காணோம். வெயிலில் எல்லாம் செத்துவிடுகின்றனவா? அப்படியென்றால் அடுத்த மழைக்கு இத்தனை எங்கிருந்து வருகின்றன?

பதில்: அதே மாடு, சரி. அதே சாணி என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பச்சைப் புல் மேய்கிற மாதத்தில் மாடு போடுவது இளக்கமாக, ஈரமாக இருக்கும். காய்ந்த புல்லைத் தவிர வேறெதுவும் கிடைக்காத மாதத்தில் நார் நாராக விழும், சில மணி நேர வெயிலிலேயே மேலே ஓடு கட்டிவிடும், வாசனையும் அடங்கிப்போகும். வளர்ந்த வண்டு சாணியைக் கடித்து மென்று தின்கிற பிராணி இல்லை, அதிலிருக்கும் சாற்றையும் கண்ணுக்குத் தெரியாத துகள்களையும் பிழிந்து எடுத்துக்கொள்ளும். ஓடு கட்டிய சாணி அதற்கு ஆகாது.

ஆனால் எல்லோரும் சாணியையே பார்க்கிறோம், அடியில் இருக்கிற மண்ணை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. சாணிக்கு நேர் கீழே வளை தோண்டி அதற்குள் சாணியை இழுத்துக்கொண்டு போய் முட்டையிடுகிற வகைகள் ஏராளம், மண்வெட்டியே இறங்காத தரையில் விரல் நகம் அளவு வண்டு என்ன செய்யும்? இளகிய தரையில் சாணியைச் சுற்றிச் சின்னச் சின்ன மண் குவியல்கள் தெரியும், வளைக்குள் வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரி, கோடையில் எங்கே? பெரும்பாலும் உங்கள் காலுக்கு அடியில். காய்ந்த தரையை வெட்டும்போது கோலிக்குண்டு மாதிரியோ கொஞ்சம் பெரிதாகவோ கெட்டியான உருண்டை கிடைத்தால், கல்லென்று எறிந்துவிடாதீர்கள். தாய் வண்டு சாணியைப் பிசைந்து, ஒற்றை முட்டை வைத்து மூடிய உருண்டையாக இருக்கலாம். உள்ளே கொக்கி போல வளைந்த வெள்ளைப் புழு ஒன்று, தன் வீட்டுச் சுவரையே தின்று வளர்கிறது. சுவரில் சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கள், புழு உடம்பைத் திருப்பி, தன் கழிவையே சாந்தாகப் பூசி அடைத்துவிடும். (எந்தக் கொத்தனாருக்கும் இந்த வசதி இல்லை.) புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகவும் ஆகிவிட்ட பிறகு, நீண்ட வறட்சி இருக்கும் இடங்களில் பல வகைகள் உள்ளேயே காத்திருக்கும். நல்ல மழையில் ஓடு ஊறி இளகினால்தான் வெளியே வர முடியும், அதனால்தான் முதல் மழைக்கு ஒரே நேரத்தில் இத்தனை கிளம்புகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றரை கிலோ யானை லத்திக்கு 16,000 வண்டுகள் வந்து, 2 மணி நேரத்தில் இடத்தைத் துடைத்துவிட்டுப் போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லா ஊர் வண்டும் மழைக்காகக் காத்திருப்பதில்லை. குளிர் நாடுகளில் கணக்கு வேறு, பல வகைகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தலைகாட்டும், நடுவில் குறையும். ஆஸ்திரேலியாவில் இது பெரிய தலைவலியாகவே ஆனது. அங்கிருந்த வண்டுகள் கங்காரு போடும் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை, 1788-இல் வந்திறங்கிய மாட்டின் சாணியை அவற்றால் சமாளிக்க முடியவில்லை, அது அப்படியே கிடந்து ஈ பெருகியது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னெமிசா என்ற பூச்சியியலாளரின் யோசனைப்படி 1960களில் வெளியிலிருந்து வண்டு கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. ஒரு வகையைக் கொண்டுவந்து விட்டால் போதாது, கோடையில் வேலை செய்வது குளிர்காலத்தில் படுத்துவிடும், அதனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து சில, மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து சில என்று பருவத்துக்குப் பருவம் ஆள் தேட வேண்டியிருந்தது.

கேள்வி: காட்டோரம் மேயும் மாடுகள் மரநிழலில் போட்ட சாணியில் ஒரு வகை வண்டு, கொஞ்ச தூரம் தள்ளி வெட்டவெளியில் வேறு வகை. பறக்கத் தெரிந்த பூச்சிதானே, ஏன் கலந்துகொள்வதில்லை?

பதில்: பறக்கத் தெரியும், வெயில் தாங்கத் தெரிய வேண்டுமே. காட்டுக்குள் பழகிய பல வகைகள் எல்லையைத் தாண்டுவதே இல்லை, வெளியே எவ்வளவு சாணி கிடந்தாலும் சரி. மரத்தை வெட்டினால் நிழலும் ஈரமும் போய்விடும், காட்டு விலங்குகளும் குறையும், அப்போது பெரும்பாலும் பெரிய உடம்புக்கார வண்டுகள்தான் முதலில் மறைகின்றன. ஆனால் அந்த இடத்துக்கு வெட்டவெளி வண்டுகள் சில வந்து பெருகிவிடலாம், வெறும் தலை எண்ணிக்கையைப் பார்த்து ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். எத்தனை வகை என்று பார்க்க வேண்டும்.

வெட்டவெளி வண்டுக்கும் வெயில் சுடத்தான் செய்யும். தென்னாப்பிரிக்காவில் உருண்டை உருட்டும் வண்டுகளைக் கவனித்தவர்கள், மணல் கொதிக்கும் உச்சி வெயிலில் அவை அடிக்கடி உருண்டைமேல் ஏறிக்கொள்வதைப் பார்த்தார்கள். ஈரச் சாணி உருண்டை மணலைவிடக் குளிர்ச்சி, மேலே நின்று முன்னங்காலை ஆற்றிக்கொண்டு இறங்கி மறுபடி உருட்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சூட்சுமம்தான், ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது.

கேள்வி: மழையும் இருக்கிறது, புல்லும் இருக்கிறது, மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த பிறகு சாணி மட்டும் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

பதில்: அது ஐவர்மெக்டின் வகை மருந்தா என்று பாருங்கள். அதில் பெரும் பங்கு சாணி வழியாகத்தான் வெளியேறுகிறது, மருந்தின் வடிவத்தைப் பொறுத்துச் சில நாட்களோ சில வாரங்களோ. வளர்ந்த வண்டு பெரும்பாலும் தப்பித்துவிடும், சாணிக்குள் வளரும் வண்டுப் புழு தப்பாது. மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை, மாட்டுக்கும் குடற்புழு வதைதான். எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், சாணிப் பரிசோதனையில் தேவை என்று தெரிந்தவற்றுக்கு மட்டும் கொடுக்கலாமா, முதல் மழைக்குப் பின்னான வாரங்களைத் தவிர்க்கலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.