கோபுரத்தைக் குறிவைத்து நடங்கள்: காட்ஸ்வோல்ட்ஸ் கேள்வி–பதில்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைமேடுகளில் நடப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: பொதுப்பாதை என்று போட்டிருக்கிறது, ஆனால் அது நேராக ஒருவருடைய கோதுமை வயலுக்குள் போகிறது. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. யாராவது வந்து சத்தம் போட்டால்?
— ஹாரோ வாசகி

பதில்: போட்டால் போடட்டும், நீங்கள் பாட்டுக்கு நடங்கள். நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காட்ஸ்வோல்ட்ஸுக்கு ஓஎல்45. அதில் துண்டு துண்டான பச்சைக் கோடு தெரிந்தால் அது பொதுவழி. துண்டு துண்டான கறுப்புக் கோடு மட்டும் இருந்தால் தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே நடக்க உரிமை உண்டா என்பது வேறு விஷயம். களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரும்.

வயலுக்கு நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் உழவு என்றால் 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி சரிசெய்து தர வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு. ஆகவே ஒற்றை வரிசையில் நடுவே போங்கள். ஓரமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஓரத்தில்தான் உங்களுக்கு உரிமை இல்லை!

இதெல்லாம் சும்மா கிடைத்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று வடக்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டில், நடக்கும் உரிமை கேட்டுச் சில நூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுவழிகளை எல்லாம் வரைபடத்தில் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் 1949-ல்தான் வந்தது.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். நடக்கும்போது பழைய சர்ச் கண்ணில் பட்டால் உள்ளே போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?
— மில்டன் கீன்ஸ் வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். என்னைக் கேட்டால் காட்ஸ்வோல்ட்ஸில் நடப்பதற்கு அதுதான் சரியான முறை. போட்டோவுக்குப் பேர்போன நாலு இடத்துக்குக் காரில் ஓடுவதை விட்டுவிட்டு, ஒரு சர்ச்சிலிருந்து அடுத்த சர்ச்சுக்கு நடந்து பாருங்கள். பாதைகள் பலவும் கல்லறைத் தோட்டத்து வாசலில் கொண்டுபோய் விடுவது தற்செயல் இல்லை. பண்ணை வீட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே உண்டான தடங்கள் அவற்றில் நிறைய. வரைபடத்தில் சிலுவைக்கு அடியில் கறுப்புச் சதுரம் இருந்தால் சதுரக் கோபுரம், கறுப்பு வட்டம் இருந்தால் ஊசிக் கோபுரம். வழி குழம்பும்போது மரங்களுக்கு மேலே தெரிவது எந்த வகை என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கதவு பூட்டியிருப்பது போலத் தோன்றும். பகலில் பெரும்பாலும் பூட்டியிருக்காது. இரும்பு வளையத்தைத் திருப்பினால் உட்பக்கம் தாழ்ப்பாள் 'டக்' என்று தூக்கும், அப்புறம் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். வெளியே கம்பிவலைக் கதவு இருந்தால் மறக்காமல் சாத்துங்கள். குருவி உள்ளே புகுந்துவிட்டால் வெளியே வர வழி தெரியாமல் செத்துப்போகும். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனால் பூட்ஸ் முழுக்கச் சேறாக இருந்தால் வாசல் மண்டபத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு போங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படிச் செய்வதுண்டு. ஆராதனை நடந்துகொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் காத்திருங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். சிப்பிங் கேம்ப்டன் செயின்ட் ஜேம்ஸ் சர்ச்சில் வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வியாபாரியின் பித்தளை உருவம் பதித்திருக்கிறது. 1401-ல் இறந்தவர். இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகர்களின் மலர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். நார்த்லீச் சர்ச்சில் இன்னும் வெளிப்படை: அங்குள்ள வியாபாரிகளின் பித்தளை உருவங்கள் சில ஆட்டின் மேலும் கம்பளி மூட்டையின் மேலும் கால் வைத்து நிற்கின்றன. இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய சர்ச் எப்படி என்று கேட்கவே வேண்டாம். எல்லாம் ஆட்டு ரோமத்தில் வந்த காசு. பக்தியோடு 'பக்கத்து ஊரைவிட நம்முடையது உயரம்' என்ற வீம்பும் சேர்ந்துதான் கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பர்ஃபோர்டுக்குப் போனால் ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். 1649 மே மாதம், கலகம் செய்த தன் படைவீரர்களையே பாராளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல் இந்தச் சர்ச்சுக்குள் அடைத்து வைத்தார். லெவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஆன்டனி செட்லி என்ற ஒருவர் தன் பெயரையும் ஆண்டையும், தான் கைதி என்பதையும் தொட்டியின் ஈயத்தில் கீறி வைத்திருக்கிறார். எழுத்துகள் கோணல்மாணல், ஒரு எழுத்து விடுபட்டும் இருக்கிறது. மூன்று பேரை வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள், செட்லி அந்த மூவரில் இல்லை.

ஸ்டான்டன் சர்ச்சின் பழைய பெஞ்சு நுனிகளில் ஆழமான தேய்வுகள் இருக்கும். ஆராதனை முடியும்வரை மேய்ப்பர்கள் நாயைக் கட்டிவைத்த சங்கிலி உரசிய தடம் என்கிறார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும், அதனால் ஆராய்ச்சி செய்யவில்லை.

கேள்வி: மாடுகள் கூட்டமாக எங்களை நோக்கி வந்தன. ஓடிவிட்டோம். செய்தது சரியா?
— ரெடிங் வாசகர்

பதில்: ஓடவே கூடாது. இளம் மாடுகள் வேடிக்கை பார்க்க வருபவை. நீங்கள் ஓடினால் அவையும் ஓடிவரும். நிதானமாக, பேசிக்கொண்டே நடந்து வெளியேறுங்கள். கன்று ஈன்ற பசு இருந்தால் கதையே வேறு. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், அந்த வயலையே சுற்றிப் போனாலும் தப்பில்லை. கூட நாய் இருந்து மாடு துரத்தினால் நாயின் வாரை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான், நாய் உங்களைவிட வேகமாக ஓடும்.

கேள்வி: அம்மா வந்திருக்கிறார், முழங்கால் வலி. ஆனால் இந்தக் கிராமங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்.
— ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: வேலியை ஏறிக் கடக்கும் மரப்படிகள்தான் அவருக்கு எதிரி. போர்ட்டன்-ஆன்-த-வாட்டரிலிருந்து லோயர் ஸ்லாட்டர், அங்கிருந்து அப்பர் ஸ்லாட்டர் என்று போங்கள். ஏறக்குறைய சமதளம், லோயர் ஸ்லாட்டரில் ஓடை தெருவுக்கு நடுவிலேயே ஓடும். முதல் ஊரோடு போதும் என்று அம்மா சொன்னால் திரும்பிவிடலாம். அப்பர் ஸ்லாட்டர் வரை போனால் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு உலகப் போர்களுக்கும் ஆள் அனுப்பி, போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய மிகச் சில ஊர்களில் இது ஒன்று. போர்ட்டனில் கோடைக்கால வாரயிறுதி மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

கேள்வி: கார் இல்லை. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு வழி சொல்லுங்கள்.
— லண்டன் மாணவர்

பதில்: பாடிங்டனில் ரயில் ஏறி மோர்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள். ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் சிப்பிங் கேம்ப்டன். கிரெவெலைப் பார்த்துவிட்டு, 1627-ல் கட்டிய சந்தைக் கூடத்திலிருந்து நடையைத் தொடங்குங்கள். பாத் நகரம் வரை 102 மைல் போகும் காட்ஸ்வோல்ட் வே-யின் முதல் துண்டு இது. கம்பங்களில் ஓக் விதை அடையாளம் இருக்கும். டோவர்ஸ் ஹில் ஏறி, 312 மீட்டர் மேட்டில் நிற்கும் பிராட்வே டவரைத் தொட்டு, பிராட்வே ஊருக்கு இறங்கினால் சுமார் 6 மைல்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நெய்ஸ்மித் டீக்கு நிற்கவில்லை, செல்ஃபி எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் வையுங்கள். டவரிலிருந்து இறங்கும் புல்சரிவு மழைக்குப் பின் வழுக்கும், குச்சி இருந்தால் நல்லது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஆகவே காலை முதல் ரயிலைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள், சனிக்கிழமையே போய்விடுங்கள்.

கேள்வி: விலை கூடிய பூட்ஸ் அவசியமா?
— லெஸ்டர் வாசகர்

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழை இல்லாத நாளில் நல்ல பிடிப்புள்ள சாதாரண ஷூ போதும். நவம்பரிலிருந்து மார்ச் வரை கேட் பக்கமெல்லாம் ஆடுமாடு மிதித்துக் கணுக்கால் அளவு சேறாக இருக்கும், அப்போது பூட்ஸ் வேண்டும். எந்த மாதமானாலும் பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும்.