பொன்வண்டின் பச்சை ஏன் மங்குவதில்லை?

கேள்வி: சங்கமன்கண்டிக் காட்டோரத்தில் இறந்து கிடந்த பெரிய நீலக்கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் பொன்வண்டு ஒன்றையும் என் மகன் ஒரே பெட்டியில் வைத்திருந்தான். சில மாதங்களில் முன்னது பொடி உதிர்ந்து வெளிறிவிட, பின்னது அப்படியே மினுங்குகிறது. காரணம் என்ன? இவற்றை வீட்டில் வளர்க்கலாமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘புளூ மோர்மன்’ என்று தோன்றுகிறது, விரித்த இறக்கை 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை வரும். அந்த இறக்கை உண்மையில் நிறமற்ற மென்சவ்வு. அதன்மேல் கூரை ஓடுகளைப் போல அடுக்கப்பட்ட நுண்செதில்களே நிறத்தைச் சுமக்கின்றன. விரலில் ஒட்டும் ‘பொடி’ அவைதான். அவை உதிர்ந்தால் நிறமும் போய்விடும். கறுப்பு, மெலனின் என்னும் சாயம். சாயம் எதுவும் வெயிலில் நாளடைவில் வெளிறும்.

பொன்வண்டின் பச்சையிலோ சாயத்துக்கு வேலையில்லை. அதன் கெட்டியான மேலிறக்கையில், மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவேயான படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொள்வதால், சவர்க்கார நுரையில் நிறம் தோன்றுவதைப் போலவே இங்கும் தோன்றுகிறது. வண்டைச் சற்றே சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், நிறம் மாறும். படலங்கள் சிதையாதவரை மங்குவதற்கு எதுவும் இல்லை. ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயத்தில், 7ஆம் நூற்றாண்டில் இதே குடும்பத்து வண்டுகளின் இறக்கைகளைப் பதித்துச் செய்த சிறுகோயில் ஒன்று இன்றும் இருக்கிறது. (எல்லா வண்ணத்துப்பூச்சிகளும் சாயத்தையே நம்பியவை அல்ல, தென்னமெரிக்காவின் மோர்போவின் நீலமும் ஒளியின் விளையாட்டுத்தான்.)

ஆயினும் பெட்டியில் கிடப்பதை வைத்து அழகை அளப்பது நியாயமன்று. காட்டுப்பாதையின் நிழலும் வெயிலும் மாறிமாறி விழும் இடத்தில் புளூ மோர்மன் பறந்து போகையில், பொன்வண்டை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வளர்ப்பதைப் பொறுத்தவரை, நெருப்புப்பெட்டிக்குள் பொன்வண்டு அரிசி போல முட்டையிடும் என்பது உண்மையே. ஆனால் புழு மண்ணுக்குள் வேர்களைத் தின்று வளர்வதால், பெட்டிக்குள் அது பிழைக்காது. வண்ணத்துப்பூச்சி எளிது. வளவில் தேசி மரம் இருந்தால் இளந்தளிர்களைப் பாருங்கள். பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது அதன் குட்டிப் புழுவாக இருக்கலாம். கிளையோடு மெல்லிய வலையால் மூடிவிட்டால், மகன் அங்கேயே அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.