பழைய குண்டுப் பெட்டி கிடைத்த தம்பிக்கு

தம்பி, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நிற்கும்போதுதான் உமது கேள்வியைப் பார்த்தேன். கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு நீர் வந்து இரண்டு வருடம், துவக்கு லைசென்ஸும் எடுத்தாயிற்று. வேலையிடத்துக் கிழவர் ஒருவர் தன் த்ரீ நாட் த்ரீ (.303) ரைபிளை உமக்கு விற்று, கூடவே இரண்டு பெட்டி பழைய குண்டுகளையும் சும்மா தந்திருக்கிறார். பச்சை பூத்துக் கிடக்கும் இவற்றை வைத்து நானே ரவை கட்டி மூஸ் என்ற பெரிய மானைச் சுடலாமா, அல்லது புதிது வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்.

சுடலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்த பிறகு.

ஊரில் நமக்கு எல்லாமே ரவைதான். கையால் கட்டுகிறவனுக்கு அது நாலு சாமான்: கோது (வெளிக்கூடு), கேப் (அடிபட்டுப் பொறி தருவது), மருந்து (வெடிமருந்து), குண்டு (பறந்துபோய்ப் படுவது). இதில் மருந்தும் கேப்பும் காலம் போகப் பழுதாகும். குண்டு என்பது செம்புச் சட்டை போட்ட ஈயம், காய்ந்த இடத்தில் இருந்தால் ஐம்பது வருடத்திலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பச்சை வெறும் களிம்பு. துணியால் துடைத்துப் பாரும். கீழே குழி விழுந்திருந்தால் அந்தக் குண்டை ஒதுக்கிவிடும். முனை ஈயத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் ஊதாதேயும், அது நஞ்சு. துடைத்த பிறகு கையைக் கழுவும். கிழவர் பழைய மருந்து டப்பாவும் தந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று இருந்த கதைகள் நிறைய.

அடுத்தது அளவு. நான் பட்ட பாடு இதில்தான். த்ரீ நாட் த்ரீ என்றால் குண்டு .303 அங்குலம் என்று நினைப்போம். உண்மையில் அதன் குண்டு .311 அல்லது .312. அங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் .308, .30-06 ரைபிள்களுக்கு .308 குண்டு. என் முதல் வருடம், லேபிள் கிழிந்த பெட்டி ஒன்றை நம்பி என் த்ரீ நாட் த்ரீக்கு ரவை கட்டிக்கொண்டு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். நூறு யார் தூரத்தில் இலக்குத் தாளைப் பார்த்தால் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் போல நீள ஓட்டைகள். ஒல்லிக் குண்டு குழலில் பிடிக்காமல் பக்கவாட்டில் புரண்டுகொண்டு போயிருக்கிறது. எனக்குத் தாள்தான் நட்டம். இதை மறுவளமாகச் செய்து, தடித்த குண்டை .308 குழலுக்குள் தள்ளினால் அமுக்கம் ஏறும், முகத்துக்கே ஆபத்து. ஆகவே மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கும், ஒவ்வொரு பெட்டியிலும் பத்துக் குண்டாவது அளந்து பாரும்.

பிறகு நிறை. அது கிரேன் கணக்கு, நம் தட்டாரின் குன்றிமணி போல ஒரு மணிக் கணக்கு. 180 கிரேன் என்றால் ஏறத்தாழ 11.7 கிராம். ஸ்பியர், சியரா 180 கிரேன், ஹோர்ணடி 174 கிரேன் மொட்டை முனை என்று .303க்கு வந்த ஈயமுனைக் குண்டுகள் எல்லாம் நல்ல சாமான்.

இவை பழைய மாதிரிதானே, மூஸுக்குத் தாங்குமா என்பது உமது பயம். மூஸ் நம் வன்னி மரையைப் போல இரண்டு மடங்கு இருக்கும், பயம் நியாயம். ஜோன் நோஸ்லர் என்பவர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்து ஒட்டிய மூஸ் ஒன்றைச் சுட்டபோது, குண்டு உள்ளே இறங்காமல் மேலேயே சிதறிவிட்டது. அதற்குப் பிறகுதான் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். ஆனால் அவர் கையில் இருந்தது மக்னம், வேகம் கூடியது. உமது த்ரீ நாட் த்ரீயில் 180 கிரேன் குண்டு செக்கனுக்கு 2,450 அடி அளவில்தான் போகும். அந்த வேகத்துக்குப் பழைய ஈயமுனைக் குண்டு அளவாக விரியும், சிதறாது. நான் இலவசத் தமிழ் விளம்பரப் பத்திரிகைகளை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டி வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். நாலைந்து கல்யாண மண்டபங்களையும் ஒரு நகைக்கடையையும் தாண்டிப்போய்க் காளான் போலக் குடை விரித்துக் கிடந்தது.

முனை முழுக்கச் செம்பு மூடியிருந்தால் அது பட்டாளக் குண்டு, விரியாது. ஆல்பர்ட்டாவில் அதால் பெருவிலங்கு சுடுவது சட்டப்படியும் பிழை. முனையில் நிறம் பூசியிருந்தால் கட்டவே வேண்டாம்.

முள்ளியவளை மாமா இடியன் துவக்குக்கு மருந்து கொட்டுவதைச் சின்னனில் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் எடுத்து, ஒருக்கால் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடுவார். தும்பை இடித்து, சன்னம் போட்டு, மறுபடி இடிப்பார். அந்தக் கைக்கணக்கு நம் இரத்தத்தில் இருக்கிறது, அதை மேசைக்குக் கொண்டுவராதேயும். ஒரே 180 கிரேன் என்றாலும் குண்டின் வடிவம் மாறினால் அமுக்கம் மாறும். ரவை கட்டுவதற்கான இப்போதைய கைநூலில் அந்தக் குண்டுக்கே உரிய மருந்துக் கணக்கை எடுத்து, ஆகக் குறைந்த அளவில் தொடங்கும். இரண்டு பெட்டிக் குண்டுகளையும் கலக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கைநூலில் போடமாட்டார்கள். வேலியோரம் வெற்றுக் கோது பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் நாங்கள், அது கையில் இருந்தால் பெரிதாகத் தெரியாது. வேட்டைக்குக் கொண்டுபோகும் பையையும் ஜாக்கெட்டையும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதேயும். இம்முறை புறப்படும் இரவு என் ஜாக்கெட் உள்பையில் ஒரு கோது அகப்பட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அகப்பட்டிருந்தால் திருவிழா பார்த்திருக்கமாட்டேன்.